சீட்டு கட்டினால் பாதை அகலமாகுமா?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இணையம் பற்றி வந்த கட்டுரை, ‘லேபல் ஸ்விட்சிங்’, அதாவது இணையத்தில் போகும் தகவலுக்குச் சீட்டு ஒட்டி அனுப்பும் முறை, இருந்தால் வீடியோ வகுப்பும் வீடியோ அழைப்பும் தடங்கலின்றி ஓடும் என்று சொல்லியிருந்தது. முப்பத்தொரு வருடம் தபால் பிரித்தவன் நான். சீட்டைப் பற்றி யார் எழுதினாலும் கண் அங்கே போய்விடும். கட்டுரை பாதி சரி.

இரவுத் தபால் ரயிலில் மலைக்கு ஏறும் பைகளின் கழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். ‘அட்டன்’ என்று இருந்தால் அட்டனில் இறக்க வேண்டியதுதான். உள்ளே கிடக்கும் நூற்றுக்கணக்கான கடிதங்களின் விலாசத்தை வழியில் யாரும் பார்ப்பதில்லை. லேபல் ஸ்விட்சிங்கின் வழக்கமான வடிவமான எம்பிஎல்எஸ் என்பதும் இதுதான் என்றான், கொழும்பில் நெட்வேர்க் வேலை பார்க்கும் என் மகன். இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும். பொதி நுழையும் வாசலில் ஒரு ரவுட்டர், அதாவது பொதிகளை வழிபிரித்து அனுப்பும் கருவி, விலாசத்தைப் படித்து 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமான சீட்டொன்றை ஒட்டுகிறது. அதில் 20 பிட் எண்ணுக்கு, 3 பிட் எந்தப் பொதிக்கு முன்னுரிமை என்பதற்கு. நடுவிலுள்ள ரவுட்டர்கள் எண்ணை மட்டும் பார்த்து, அதைக் கழற்றி, அடுத்த ரவுட்டருக்குப் புரியும் எண்ணை மாட்டி அனுப்புகின்றன. (எங்கள் பைச் சீட்டு வழியில் மாறாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.) பைக்குள் பை கட்டுவோமே, அதுபோல சீட்டின்மேல் சீட்டும் போடலாமாம்.

“அப்போ வேகம்தானே?” என்று கேட்டேன். “அது அந்தக் காலத்துக் கதைப்பா” என்றான். இந்த முறையின் அடிப்படை ஆவணம் வெளிவந்தது 2001 ஜனவரியில். இன்றைய ரவுட்டர் சிப்புகள் முழு விலாசத்தையும் அதே வேகத்தில் தேடிவிடுகின்றன. எந்தப் பொதி எந்த வழியால் போகவேண்டும், நெரிசலில் எதை முன்னே விடவேண்டும் என்று தாங்களே முடிவுசெய்யத்தான் நிறுவனங்கள் இன்னும் சீட்டை வைத்திருக்கின்றன.

என் பேத்தி உயர்தரம் படிக்கிறாள். மாலை ஏழு மணிக்கு இரசாயனவியல் வகுப்பு. ஏழே கால் ஆனதும் திரையில் பாடம் நடத்தும் சேரின் வாய் திறந்தபடி நின்றுவிடும், குரல் தகரத்தில் ஆணி இழுத்தது மாதிரி வரும். வேகத்தைச் சோதித்தால் 14 எம்பிபிஎஸ் என்று போன் பெருமையாகக் காட்டுகிறது. பழைய தொலைபேசித் தரத்தில் ஒரு குரலை அனுப்பப் பொதியின் விலாசத் தலைப்பெல்லாம் சேர்த்து 80 கேபிபிஎஸ் போதும்; 14 எம்பிபிஎஸ் என்றால் 14,000 கேபிபிஎஸ். அப்படியானால் நூறு குரலுக்கு மேல் போகலாமே? ஒரு சிறு பொதியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கும் ‘பிங்’ போட்டுப் பார்க்கச் சொன்னான் மகன். போய்த் திரும்பிய நேரம் மில்லிசெக்கனில் 48, 51, 390, 62, 420. கோளாறு இந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

இது எனக்குப் புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துப் பையன் ஒருவனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் ஏது? தோட்டத்தின் பெயருக்கு வந்த கடிதம் தோட்டக் கந்தோர் மேசையில் கிடந்தது. பரீட்சை முடிந்து நாலாம் நாள் அவன் கைக்குப் போனது. கடிதம் கிழியவில்லை, நனையவில்லை, தொலையவும் இல்லை. குரல் பொதியும் அப்படித்தான். நொடிக்கு ஐம்பது பொதி வரிசையாக வரவேண்டிய இடத்தில் பிந்தி வந்ததைப் போன் தூக்கி எறிந்துவிடும். ஒரு பக்கப் பயணம் 150 மில்லிசெக்கனுக்குள் முடிந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. படத்தைத் தரவிறக்குபவருக்கு அரை நொடி பிந்தினால் ஒன்றும் குடி முழுகாது. இரண்டும் ஒரே வரிசையில் நின்றால் வகுப்புத்தான் சாகும்.

சீட்டில் முன்னுரிமைக்கு 3 பிட், அதாவது எட்டு வரிசை வரை இடம் இருக்கிறது. ஆனால் வாசலில் எல்லாவற்றுக்கும் ‘சாதாரணம்’ என்று எழுதிவிட்டால் அந்த எட்டால் என்ன பயன்? அதைவிட, போனிலிருந்து டவர் வரை இந்தச் சீட்டே கிடையாது. தோட்டத்தின் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்ற இரண்டு பிரிவுச் சனமும் பாடசாலை விட்ட பிள்ளைகளும் மாலையில் ஒரே டவரில் தொங்கும்போது, கொழும்பு ரவுட்டரின் சீட்டு அங்கே என்ன செய்யும்?

மண்சரிவைப் பற்றியும் கட்டுரை ஒரு வரி போட்டிருந்தது. முன்கூட்டியே மாற்றுவழி எழுதிவைத்திருந்தால், கம்பி அறுந்தாலும் 50 மில்லிசெக்கனில் திருப்பிவிடலாம் என்பது உண்மை. அந்த மாற்றுவழி எங்கே போகிறது? இரண்டு கம்பியும் ஒரே மலைப்பாதை ஓரத்துத் தூண்களில் தொங்கினால், ஒரே சரிவு இரண்டையும் கொண்டுபோகும். எழுதி வைத்த வழியும் பள்ளத்தில்தான் கிடக்கும்.

உங்கள் நிருபர்கள் நிறுவனங்களிடம் ‘எத்தனை எம்பிபிஎஸ்’ என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். தலவாக்கலையில், மாலை ஏழு மணிக்கு, தாமதம் எவ்வளவு, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது, நூறு பொதியில் எத்தனை தொலைகிறது என்று கேளுங்கள். பதிலை எண்ணாகவே போடுங்கள். பேத்தியின் கொப்பியில் மூன்று வாரமாக நாங்களும் குறித்து வருகிறோம். ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
தலவாக்கலை