அந்துருண்டை போட்டால் போகாது

ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. ஒருவர் வீட்டுப் புல்தரையில் பன்றி கிளறியதுபோல் குழிகள். இன்னொருவர் வீட்டு கராஜ் கேமராவில் மங்கலாக ஓர் உருவம். "எறும்புதின்னி" என்றார் ஒருவர், "பெருச்சாளி" என்றார் அடுத்தவர். நடுவில் ஒரு குரல்பதிவு: "தொட்டாலே குஷ்டம் வரும், பிள்ளைங்கள வெளிய விடாதீங்க." குழுவிலேயே பதில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் இந்த மடல்.

வந்திருப்பது ஒன்பது பட்டை ஆர்மடில்லோ, முதுகில் ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கு. நம்மூர் எறும்புதின்னிக்கு, அதாவது அழுங்குக்கு, இது உறவே இல்லை. அழுங்கின் செதில் நம் நகம் மாதிரியான பொருள். இதன் ஓட்டுக்குள் இருப்பது எலும்பு. அழுங்கு சுருண்டுகொண்டால் பிரிப்பது பெரும்பாடு. இதற்கோ முழுப் பந்தாகச் சுருளவே வராது.

நான் அதை நேரில் பார்த்தது போன மாதம், விடிகாலை ஐந்து மணிக்குக் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது. கத்தரிப் பாத்தி ஓரம் மூக்கை மண்ணில் புதைத்து நோண்டிக்கொண்டிருந்தது. பூனை அளவு. பத்தடியில் நிற்கிறேன், கண்டுகொள்ளவே இல்லை. பார்வை மட்டம், மூக்கை நம்பித்தான் பிழைப்பு. தொட்டி மூடி டப்பென்று விழுந்ததும் நின்ற இடத்திலேயே மூன்றடி எகிறியது பாருங்கள், கூடவே நானும் எகிறினேன். இந்த எகிறல்தான் சாலையில் அதற்கு எமன். கார் மேலாகக் கடந்து போனால் தப்பித்திருக்கும்; துள்ளி பம்பரில் அடிபடுகிறது.

இங்கே இது பரவிய கதையும் பழையது. டெக்சாஸில் இதைப் பார்த்ததாக எழுதிவைத்தது 1850ஐ ஒட்டி. புளோரிடாவில் 1920, 30களில் மனிதர்கள் வளர்த்தவை தப்பித்துத் தனிக்கூட்டமாகப் பெருகின. அப்புறம் அலபாமா, நம் ஜார்ஜியா. 2007இல் வட கரோலினா மலைப்பக்கம். இப்போது இல்லினாய், இந்தியானா வரை. சிற்றோடை குறுக்கிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் நடந்தே கடந்துவிடும். பெரிய ஆறென்றால் காற்றை விழுங்கி மிதக்கும். அதைத் தடுத்து வைத்திருந்தது குளிர்தான். உடம்பில் கொழுப்புக் குறைவு, குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் வழக்கமும் இல்லை, மண் உறைந்தால் பட்டினி. குளிர் இப்போது இளகிவருகிறது. நாம் வேறு புல்லுக்குத் தண்ணீர் விட்டு மண்ணை மெத்தென்று வைத்திருக்கிறோம். ("நாமும் வந்தேறிகள்தானே" என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அது விசா இல்லாமல் வந்தது, அந்தக் கொடுப்பினை நமக்கில்லை.)

சரி, குரல்பதிவுக்கு வருகிறேன். முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். தெற்கு மாநிலங்களில் சில ஆர்மடில்லோக்களுக்குத் தொழுநோய்க் கிருமி உண்டு. அவற்றிடமிருந்து மனிதருக்கும் தொற்றுகிறது என்று 2011இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பேருக்குத்தான் இந்நோய் கண்டறியப்படுகிறது, அதிலும் பலருக்கு வெளிநாட்டில் தொற்றியது. மனிதரில் 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே இருக்கிறது. மாத்திரையில் குணமாகும் நோய். அதைவிட முக்கியம், ஆர்மடில்லோவிடம் இருக்கும் இந்தக் கிருமியை அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். ஆர்மடில்லோவுக்கே அது நம்மிடமிருந்துதான் போனது.

இந்தக் கிருமியைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது. ஆர்மடில்லோவின் உடம்புச் சூடு குறைவு என்பதால் அதில் வளரும் என்று 1971இல் கண்டார்கள். 1990களில் நம் செங்கல்பட்டுப் பக்கம் நடந்த தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையில் ஒரு ஊசிக்கான கிருமி ஆர்மடில்லோவிடமிருந்து எடுத்ததுதான். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து வந்த நாம் "குஷ்டம்" என்று அலறுவது எனக்கு நன்றாகப் படவில்லை. அந்தச் சொல்லுக்காகவே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களை நம் பாட்டிமார் பார்த்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தொடாதீர்கள், அடிபட்டதை வெறுங்கையால் எடுக்காதீர்கள், நாயை அதனருகே விடாதீர்கள். அது நோண்டிய பாத்தியில் வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், காய்கறியைக் கழுவிச் சமையுங்கள். குழந்தைகள் விளையாடட்டும். வேலிக்கடியில் கம்பிவலையை ஓரடி ஆழம் புதைத்தால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். புல்லுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

பாச்சை உருண்டை, மிளகாய்த்தூள், எலி விஷம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். ஆர்மடில்லோவுக்கென்று அனுமதி பெற்ற விஷமே இங்கே இல்லை. அந்துருண்டையைத் தோட்டத்தில் இறைப்பது சட்டப்படியே தவறு. ஒரு குழந்தை வாயில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூண்டு வைத்தாலும் இரைக்கு மயங்காது, அது தேடுவது உயிருள்ள புழுவை. வழக்கமாக வரும் தடத்தில் கூண்டை வைத்து, அதன் வாசலுக்கு இருபக்கமும் பலகைகளை விரித்து வைத்தால்தான் உள்ளே போகும். பிடித்து எங்கே விடலாம் என்று கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அந்தக் குரல்பதிவைப் போட்டவர் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். என் மாமியார் இன்னும் பின்வாசலைத் திறக்க விடவில்லை. கறிவேப்பிலைத் தொட்டி வெளியே காய்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
கத்தரிப் பாத்திக்காரன்
அட்லாண்டாவின் வடக்கே