மதகைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும்? – சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு,

வணக்கம்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் வேலையில் இருக்கிறீர்கள். எந்த சர்வே எண்ணுக்கு எந்த நிறம், அதாவது எங்கே வீடு, எங்கே வயல் என்பது முடிவாகப் போகிறது. அதற்கு முன் ஒரு மனைக்காரனின் வாக்குமூலத்தையும் கேட்டுவிடுங்கள். நான் விவசாயி இல்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியும் எனக்குக் கிடையாது. தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஏரியின் ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் பரப்பில், அரை கிரவுண்டு வாங்கி, வீடு கட்டி, இருபது வருஷமாகக் குடியிருப்பவன்.

2004ல் இடம் பார்க்க வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷன் வாசலிலிருந்து இலவச வேன், மதியம் சாப்பாடு. பஞ்சாயத்து அப்ரூவல், தவணை வசதி, பஸ் ஸ்டாண்டுக்குப் பத்தே நிமிஷம். வரிசையாகச் சுண்ணாம்பும் காவியும் அடித்த எல்லைக் கற்கள். செருப்பைத் தாண்டி அறுத்த தாள் குத்தியது. களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. “கிராவல் அடிச்சா சரியாயிடும் சார்” என்றார் புரோக்கர். சரியாகத்தான் இருந்தது, பதினொரு வருஷத்துக்கு.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓட்டி ஆட்களை மீட்டதை ஊரே டிவியில் பார்த்தது. எங்கள் தெருவுக்குப் படகு வரவில்லை. மொட்டை மாடியிலேயே இரண்டு நாள் இருந்தோம். வெள்ளம் என்றால் வாசல் வழியாக வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அது முதலில் கழிவறைக் கோப்பை வழியாக வந்தது. அப்புறம் சமையலறை ஜலதாரை. வாசற்படியை அது தொட்டபோது ஃபிரிட்ஜ் ஏற்கெனவே ஹாலில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது.

எல்லாம் வடிந்த பிறகு, மனை வாங்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். வகைப்பாடு: நஞ்சை. பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் எங்கள் ஏரியின் பெயர். கிராம வரைபடத்தில் மதகிலிருந்து கிளம்பும் வாய்க்கால் எங்கள் இரண்டாவது குறுக்குத் தெரு வழியாகத்தான் போகிறது. அதாவது, தெருதான் வாய்க்கால் வழியாகப் போகிறது.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் நலச்சங்கக் கூட்டம் போட்டோம். ஏரி நிறைந்தால் நமக்கு ஆபத்து, ஆகவே மதகைத் திறந்து தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம். ஒரு காலத்தில் அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை நாழிகை தண்ணீர் என்று பிரித்துவிட்டவர். அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தோம். எல்லோரும் பேசி முடிக்கும்வரை சும்மா இருந்தார். பிறகு கேட்டார்: “மதகைத் திறந்தா தண்ணி எங்கேங்க போகும்? உங்க ஹாலுக்குத்தான் போகும்.”

யாரும் சிரிக்கவில்லை. மதகு இருப்பதே ஆயக்கட்டுக்குத் தண்ணீர் விடத்தான். அந்த ஆயக்கட்டுதான் நாங்கள். மிச்சம் இருந்த ஒரே வழி, ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் கலங்கல். அதை இரண்டடி இறக்கிக் கட்டினால் ஏரி அந்த மட்டத்துக்கு மேல் நிறையாது, உபரி தானாகப் போய்விடும். மனு எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். மனுவுக்குப் பதில் வருவதற்குள் யாரோ ஒரு ராத்திரியில் கலங்கலை உடைத்துவிட்டார்கள். யார் என்று எங்கள் நகரில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கோடையில் ஏரி பங்குனியிலேயே காய்ந்தது. போர்வெல்லில் காற்று வந்தது. தண்ணீர் லாரிக்கு டோக்கன் போட்டு நின்றோம்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. ஏரியைக் காப்பாற்றுவது பற்றி நம் நாட்டில் பேசாதவர் இல்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் ஏரிப் புறம்போக்கின் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை இருந்தால் நோட்டீஸ். கரைக்கு இந்தப் பக்கம் நூறு ஏக்கர் நஞ்சை மனையானால் அது வளர்ச்சி. ஏரி என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் இல்லை. வரத்துக் கால்வாய், கரை, மதகு, கலங்கல், வாய்க்கால், வயல் எல்லாம் சேர்ந்தது. ஏரி நிறைய வேண்டும் என்று ஆசைப்படும் ஆட்கள் வயலில்தான் இருந்தார்கள். அவர்கள் விற்றுவிட்டுப் போன இடத்தில், ஏரி நிறையக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் எங்களை நீங்கள் குடியமர்த்தியிருக்கிறீர்கள். ஆயக்கட்டை இழந்த ஏரிக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எதிரிகள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் வயல். வரப்பு உயரம் அரை அடி என்று வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் சம்பா நின்றுகொண்டிருக்கும்போது அந்த அரை அடியும் நிறைந்தால், வயல் பிடித்து வைக்கும் தண்ணீர் ஆறு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் ஐம்பது லாரி, ஒரே ஏக்கருக்கு. அதே ஏக்கரைப் பதினெட்டு கிரவுண்டாக அளந்து, ரோடு போக மனையாக்கி, மூன்றடி கிராவல் கொட்டி, வாசலில் சிமெண்டுக் கல் பதித்தால் அந்த ஐம்பது லாரியும் பக்கத்துத் தாழ்ந்த தெருவுக்குப் போகும். அங்கிருப்பவர் அடுத்த வருஷம் நாலடி உயர்த்திக் கட்டுவார். எங்கள் பகுதியில் வீட்டின் உயரத்தைப் பார்த்தே கட்டிய வருஷத்தைச் சொல்லிவிடலாம்.

சரி, விவசாயி ஏன் விற்கிறார்? விலை ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் விலைக்கு முன்பே வேறொன்று நடக்கிறது. ஆயக்கட்டின் நடுவில் ஒருவர் இரண்டு ஏக்கரை மனை போட விற்கிறார். அவர் நிலத்தின் ஓரமாகப் போன கிளை வாய்க்கால் கிராவலுக்கு அடியில் போகிறது. அது பட்டா நிலத்துக்குள் ஓடியது. புறம்போக்கு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகவே சட்டப்படி அப்படி ஒரு வாய்க்காலே கிடையாது. கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் நிற்கிறது. சொர்ணவாரிப் பட்டம் போகிறது, நவரைப் பட்டம் போகிறது, மழையை நம்பி சம்பா மட்டும் ஒன்றிரண்டு வருஷம். அப்புறம் அதுவும் இல்லை. கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் ‘தரிசு’ என்று ஏறுகிறது. அந்த ஒரு சொல்லே பிறகு சாட்சியாகிவிடுகிறது: “பல ஆண்டுகளாகச் சாகுபடி இல்லாத நிலம், வகைப்பாட்டை மாற்றித் தரவும்.” தரிசாக்கியது யார் என்று அந்த விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பத்திரப் பதிவே ஸ்தம்பித்தது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டினால் போதும். நானும் வரிசையில் நின்று கட்டினேன்; என் மனை சட்டப்பூர்வமானது. ரசீது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வாய்க்கால் மட்டும் திரும்பி வரவில்லை. நீர்நிலையில் இருக்கும் மனையை வரன்முறை செய்ய மாட்டோம் என்று விதியில் நல்லபடியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஆயக்கட்டு வயல் நீர்நிலை ஆகாதே!

இதெல்லாம் தனியார் புரோக்கர்களின் லீலை மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியை வற்றவைத்து 1920களில் தியாகராய நகரைக் கட்டியவர்கள் அன்றைய அரசாங்கத்தார்தான். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்று தெருப்பலகை இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்று பேருந்தில் டிக்கெட் கேட்கலாம்; அது ஏரியில் போட்ட குடியிருப்புத் திட்டம். ஏரியைக் காக்கும் திட்டம் என்று வெளியூர்க்காரர் யாராவது நினைத்தால் அவர் மேல் தப்பில்லை.

அந்தக் காலத்தில் குழுமத்தின் எல்லை இவ்வளவு இல்லை என்பீர்கள். உண்மைதான். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர்ப் பகுதி 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிந்தது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எனக்குப் பயம் பிடித்ததே அந்த எண்ணைப் படித்தபோதுதான். புதிதாக உள்ளே வந்திருப்பது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்கள். ‘ஏரி மாவட்டம்’ என்றே பெயர் வாங்கிய பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஊர்கள். அங்கே பல ஏரிகளில் இன்னும் நீர் இறங்குகிறது, நாற்று நடுகிறார்கள். அந்த நஞ்சைகளுக்கு இன்று நீங்கள் என்ன நிறம் அடிக்கிறீர்களோ, அதுதான் 2046ல் அங்கே குடியிருப்பவனின் ஹாலில் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறும் என்பதைத் தீர்மானிக்கும்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2022ல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல் இடம்பிடித்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் அனுப்பும் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் கீழே இருந்த வயல்கள் எங்கே? மேலே அத்தனையும் சிமெண்டாகிவிட்டால், சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்வது மழைக்காலத்தில் வெள்ளமும் மற்ற காலத்தில் சாக்கடையும்தான்.

பூங்கா விடுகிறோமே என்பீர்கள். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு. எங்கள் பக்கத்து நகரில் அப்படி ஒதுக்கிய இடத்தைப் பார்த்திருக்கிறேன். விற்க முடியாத பள்ளம், டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால். கம்பிவேலி, துருப்பிடித்த ஒரு சீசா, ‘பூங்கா’ என்று பலகை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. நத்தை ஊர்கிறது, மடையான் வந்து நிற்கிறது. அந்த நகரில் தான் வயலாக இருந்ததை மறக்காத இடம் அது ஒன்றுதான். அதையும் மண் கொட்டி மேடாக்கித் தரச் சொல்லி இப்போது மனு போயிருக்கிறது.

வீடே கட்டக் கூடாது என்று நான் சொன்னால் அது அயோக்கியத்தனம். நான் கட்டிக்கொண்டாயிற்று, இனி வருபவர்களுக்குக் கதவு இல்லை என்பது போல் ஆகிவிடும். சென்னைக்கு ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும். நான் கேட்பது நஞ்சைக்கும் மற்ற நிலத்துக்கும் வித்தியாசம் பாருங்கள் என்பதுதான். மேட்டு நிலம் இருக்கிறது, மானாவாரிப் புஞ்சை இருக்கிறது, ரயில் நிலையங்களை ஒட்டி ஒற்றை மாடியோடு நிற்கும் தெருக்கள் இருக்கின்றன. அங்கே மாடி ஏற்றுங்கள். முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு ஏரியோடும் அதன் ஆயக்கட்டையும் சேர்த்து ஒரே வண்ணத்தில் காட்டுங்கள். ‘அ’ பதிவேட்டில் பாசன ஆதாரம் ஏரி என்று இருக்கும் சர்வே எண்களை எடுத்தாலே பட்டியல் தயார். புதிய ஆய்வு, ஆலோசனை நிறுவனம் எதுவும் வேண்டாம்.

அந்த நிலத்துக்காரர் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஊர் மூழ்காமல் இருக்க அவர் வயலாகவே வைத்திருக்க வேண்டும், பக்கத்துக்காரர் மட்டும் கோடீஸ்வரர் ஆவார் என்றால் எந்த மனுஷனும் ஒப்பமாட்டான். சாலை விரிவாக்கத்துக்கு இடம் விடுபவருக்கு வளர்ச்சி உரிமைச் சான்று தருகிறீர்கள், டிடிஆர் என்கிறீர்கள். அதை ஆயக்கட்டு விவசாயிக்கும் கொடுங்கள். அவர் வயலை வைத்துக்கொள்ளட்டும், கட்டும் உரிமையை மட்டும் அண்ணா சாலையில் மாடி கட்டுபவருக்கு விற்கட்டும். பட்டாவுக்குள் ஓடும் கிளை வாய்க்கால்களையும் அளந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். அளக்க ஆள் இல்லை என்றால், எங்கள் ஊர் நீர்க்கட்டி மாதிரி பெரியவர்கள் இன்னும் சில வருஷம் இருப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். வரைவுத் திட்டத்தை வெளியிடும்போது கலர் கலராக ஒரு படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு ஆட்சேபணை கேட்காதீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படத்தில் எங்கள் தெருவைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். கிராமம் கிராமமாக, சர்வே எண்ணோடு, தமிழில் அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாள் காலை பதினொரு மணிக்கு வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், முடிந்தால் ஐப்பசியில். எங்கள் ஊருக்கு வந்தால் மதகைக் காட்டுகிறேன். மூன்றாவது குறுக்குத் தெரு முனையில், மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. ரப்பர் செருப்புப் போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆயக்கட்டில் குடியிருக்கும் ஒரு மனைக்காரன்