சிரகூசாவிலிருந்து விஜிக்கு

அன்புள்ள விஜி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்றைக்குத்தான் பதில். திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் இட்லிக்கு முகம் சுளிக்கிறான், வெறும் ரொட்டியைக் கொடுத்தால் கடித்துக்கொண்டே திரிகிறான். அத்தானுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நடக்க ஆரம்பித்தாரா, இல்லை நாற்காலியில் இருந்தபடியே உன்னை அதிகாரம் செய்கிறாரா?

நேற்று முன்தினம், டிசம்பர் 13, சிரகூசாவுக்குப் போயிருந்தோம். இத்தாலியின் சிசிலித் தீவில் பெண் இருக்கும் கத்தானியாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நம் கணக்கு டீச்சர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே ஆர்க்கிமிடீஸ், அவருடைய ஊர். கி.மு. 212-இல் ரோமானியர்கள் ஊரைப் பிடித்தபோது அவரையும் வெட்டிப் போட்டார்கள். அதை டீச்சர் சொல்லவே இல்லை பார்.

பழைய ஊர் ஓர்த்தீஜா என்கிற சின்னத் தீவில் இருக்கிறது. பாலம் தாண்டினால் சந்துக்குள் சந்து, வெயிலே இறங்காத சந்துகள். ஒன்று முடிகிற இடத்தில் சட்டென்று கண் கூசியது. தரை, மாளிகை, கோயில் முகப்பு எல்லாமே வெளிறிய சுண்ணாம்புக் கல். அதுதான் பியாத்ஸா துவோமோ, பேராலயத்துச் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், நீளமாகக் கிடந்து ஒரு பக்கம் வில்லாக வளைகிறது. முந்தின இரவு பெய்த மழையில் கல் தரை கழுவிவிட்ட மாதிரி மின்னியது.

விஜி, உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் போனில் கண்ணைப் பற்றிக் கேட்டாயே, 'பவர் கொஞ்சம் கூடியிருக்கு, அவ்வளவுதான்' என்றேன். அவ்வளவுதான் இல்லை. கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஒன்றுகூட விடவில்லை என்று நினைத்துத்தான் எழுந்தேன். டாக்டர் தாளைக் காட்டினார். இடது கண்ணில் மேலே, மூக்குப் பக்கமாக, கறுப்பாக ஒரு திட்டு. அந்த இடத்தில் வந்த வெளிச்சம் எதுவுமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். தினம் ராத்திரி சொட்டு மருந்து, ஆயுசுக்கும். அம்மா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டே கொல்லைக்குப் போவாளே, நீதான் அன்றைக்கு ஓடிப்போய்ப் பிடித்தாய். அதனால்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை.

சரி, அந்தக் கோயிலைச் சொல்கிறேன். முகப்பு 1693 பூகம்பத்துக்குப் பிறகு கட்டியது. ஆந்த்ரேயா பால்மா என்பவர் வரைந்து கொடுத்து, 1728-இல் தொடங்கி 1753 வரை வேலை நடந்திருக்கிறது. தூணும் சிலையும் சுருளுமாக அலை அடிப்பது போல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இடது பக்கச் சந்தில் திரும்பினால் கோயிலின் பக்கவாட்டுச் சுவர். சுவருக்குள் பாதி புதைந்தபடி பெரிய பெரிய கல் தூண்கள். கி.மு. 480-இல் ஹிமேராவில் கார்த்தேஜ் படையை ஜெயித்த கெலோன் என்ற அரசன் அதீனா என்ற கிரேக்கத் தெய்வத்துக்குக் கட்டிய கோயிலின் தூண்கள்! கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அதை மாதா கோயிலாக மாற்றியவர்கள் தூண்களைப் பெயர்க்கவில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளே கருவறைச் சுவரைக் குடைந்து வளைவு வளைவாக வழி திறந்தார்கள். 878-இல் அரபிகள் வந்தபோது அதுவே மசூதி. நார்மன்கள் வந்ததும் மறுபடி சர்ச். பூகம்பம் எல்லாவற்றையும் ஆட்டியது. தூண்கள் நிற்கின்றன. அந்த அதீனா கோயிலுக்குத் தந்தமும் தங்கமும் இழைத்த கதவுகள் இருந்ததாகவும், வெர்ரெஸ் என்ற ரோமானிய ஆளுநர் அதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனதாகவும் அந்தக் காலத்து ரோமானிய வழக்கறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார்.

உள்ளே ஒரு தூணருகில் போய் நின்றேன். நாலு பேர் கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்கலாம். நெடுக்கச் செதுக்கிய பள்ளங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் அகலம். கையை வைத்தேன். முதலில் ஜில்லென்றது. அப்புறம் விளிம்பு, அரிசி மாவு போல நறநறவென்று, நடு நடுவே சிப்பி போட்ட தடம் மாதிரிச் சின்னச் சின்னக் குழி. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பள்ளம், அதற்கடுத்தது என்று தடவிக்கொண்டே போனேன். பெண் கூப்பிட்டது காதில் விழவில்லை. அம்மா சுவரைத் தடவியபோது அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று முதல் தடவையாக யோசித்தேன். பயம்தான் தெரிந்திருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், விஜி. எனக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை.

13-ஆம் தேதி எதற்காகப் போனோம் என்று சொல்லவில்லையே. அன்றைக்குத்தான் சாந்தா லூச்சியா திருநாள். கி.பி. 304-இல் கொல்லப்பட்ட இந்த ஊர்ப் பெண். கண்ணைக் காப்பவள் என்று கும்பிடுகிறார்கள். லூச்சியா என்ற பெயருக்குள்ளேயே லத்தீனில் வெளிச்சம் இருக்கிறதாம். கழுத்தில் குத்துவாள், கையிலிருக்கும் கிண்ணத்தில் இரண்டு கண்கள், இப்படி ஒரு வெள்ளிச் சிலை, 1599-இல் பியெத்ரோ ரித்ஸோ செய்தது. வருஷத்தில் சில நாள்தான் பூட்டைத் திறந்து காட்டுவார்கள். பிற்பகலில் பச்சைத் தொப்பி போட்ட ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். சதுக்கம் முழுக்கத் தலைகள். 'சரவுசானா யே!' என்று ஒரே கூச்சல். 'அவள் சிரகூசாக்காரி' என்று அர்த்தம். பின்னால் மெழுகுவர்த்தியோடு செருப்பில்லாமல் எத்தனையோ பேர், அந்தக் குளிரில். என் பக்கத்தில் நின்ற பாட்டி சிலை கடக்கும்போது இரண்டு விரலால் தன் இமைகளைத் தொட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, தொடு என்பது போல் தலையை ஆட்டினாள். தொட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு ரொட்டியும் பாஸ்தாவும் சாப்பிடக் கூடாது. 1646-இல் பஞ்சம் வந்து, வேண்டிக்கொண்டபோது தானியக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்ததாம். அரைக்கக்கூடப் பொறுமையில்லாமல் கோதுமையை அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். அதன் நினைவாகக் 'குச்சியா'. முழுக் கோதுமையை வேகவைத்து, ரிகோத்தா என்ற பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் சேர்த்தது. உனக்குப் பிடிக்கும். எனக்கு ஒரு ஏலக்காய் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஜனவரி முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். 9-ஆம் தேதி மறுபடியும் அந்தக் கிண்ணப் பரிசோதனை. கூடப்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அண்ணாவையும் அழைத்துப் போக வேண்டும். அவரிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அத்தானை அன்றைக்கு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பட்டனை நான்தான் அமுக்க வேண்டும், ஆனால் முடிகிற வரை வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன்,
சாரதா