மூலைத் தூண்

பிள்ளை,

ப்ளூ டிக் விழுந்தது, பதில் வரேல்ல, வேலையாக்கும். அதுக்கில்ல இத எழுதுறது. முன் விறாந்தை மூலைத் தூண் உக்கிப்போச்சு, அதச் சொல்லத்தான். நீ சின்னனில சுத்தி ஓடி நெத்தியில வெட்டு வாங்கினாயே, அதே தூண்தான்.

போன மாச மழைக்குப் பிறகு கேற்றடியில நிண்டு அண்ணாந்து பாக்கிறன், ஓட்டு வரிசை அந்த மூலையில ஒரு விரல் பதிஞ்சு நிக்குது. அம்மா சொல்லுறா உங்கட கண்ணாடிதான் பழுதெண்டு. தெஹிவளையில இருந்து தச்சுவேலை பாஸ் ஒராளக் கூட்டிக்கொண்டு வந்தனான், மனுசன் ஒண்டும் பேசேல்ல, குந்தியிருந்து ஸ்க்ரூ ட்ரைவரால தூணின்ர அடியில ஒரு குத்து, பிடி மட்டும் உள்ள போட்டுது. வெளியில பாத்தா மினுங்கிற பெயின்ட், உள்ளுக்கு தேத்தண்ணியில தோய்ச்ச ரஸ்க் மாதிரி கையோட வருது. மேல மூண்டடிக்கு அங்கால மரம் இரும்புதான், ஐயா போட்ட பலா எல்லோ. இண்டைக்கு அப்பிடிப் பலா எடுக்கிறது லேசில்ல, 1951 சட்டத்தோட பெர்மிட் இல்லாமத் தறிக்கேலாது, மொறட்டுவ மரக்காலையில விலை சொன்னவன் என்ர முகத்தப் பாத்திட்டு தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேட்டான்.

ஏன் உக்கினது எண்டு கேளன். முந்தி அந்தத் தூண் ஒரு கருங்கல்லுக்கு மேல நிண்டது, ஞாபகமோ, நீ அதில இருந்துதான் சப்பாத்துப் போடுவாய். 2009இல சிவப்பு சீமெந்துக்கு மேல டைல் பதிச்ச நேரம் நிலம் உயந்து கல்லு மறைஞ்சு போச்சு, தூணச் சுத்திச் சீமெந்தும் பூசிவிட்டாங்கள், பெய்யிற தண்ணியெல்லாம் அந்த வளையத்துக்கதான் நிண்டிருக்கு. மரத்தின்ர அறுத்த முகம் தண்ணிய ஸ்ட்ரோ மாதிரி மேல இழுக்குமாம், பெயின்ட் தோல் மாதிரிப் பிடிச்சிருக்கிறதால உள்ள போன ஈரம் வெளியால வரவும் வழியில்ல. இத பாஸ் சிங்களத்தில சொல்லச் சொல்ல நான் ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி தலையாட்டிக்கொண்டு நிண்டனான்.

உங்கட வீட்டு டெக்கும் மரம்தானே, பனி கரைஞ்சு தூண் அடியில நிண்டா இதே கதைதான். ஒருக்கா ஸ்க்ரூ ட்ரைவரால குத்திப் பார். போன கோலில உனக்குப் பின்னால இருந்த சுவர் எனக்குப் பிடிபடேல்ல, அந்த நீலக் கேட்டினையும் காணேல்ல. சரி விடு. அவரும் கதைக்கேல்ல, டியூட்டியா இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்ர புரமோசன அம்மா இந்த லேன் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. எங்களுக்கு அத ஒரு வரியில மெசேஜ் போட்டாய் பார், அதுதான் மனசில நிக்குது.

வேலை மூண்டு நாள். முதல்ல பக்கத்தில ஒரு தென்னங்குத்தி நட்டு, கீழ கார் ஜாக் வச்சு, உத்திரத்த ஒரு நூல் ஒரு நூலாத் தூக்கினவன், அவசரப்பட்டா ஓடு எல்லாம் வெடிக்கும். முட்டு குடுக்காம தூணில கை வைக்கவே விடேல்ல. பிறகு உக்கின மூண்டடியையும் வாளால அறுத்தெடுத்திட்டு புதுத் துண்ட பாதிக்குப் பாதி கவ்வவிட்டு ரெண்டு போல்ட். கீழ நாலு இஞ்சிக்குக் கொங்கிரீட் குத்தி, அதுக்கு மேல இரும்புச் செருப்பு, மரம் நிலத்தில முட்டவே முட்டாது. முழுத்தூணும் மாத்தினா இன்னும் வடிவா இருக்கும், நான் வேண்டாமெண்டிட்டன், மேல நல்லா இருக்கிறத ஏன் எறிவான்.

அறுத்த துண்டுக்குள்ள கடுங்கட்டியா ஒரு மண்ணிறக் கட்டி கிடந்தது. பாஸ் அத எடுத்து எனக்கு நீட்டி, ஆரோ முந்தி அடைச்சிருக்கினம் ஐயா எண்டான்.

நான்தான் அடைச்சனான். 2018, உன்ர கலியாணத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க. சம்பந்தி வீட்டுக்காரர் வந்து நிக்கிற விறாந்தையில தூண் உக்கலெண்டா என்ன நினைப்பினம், அந்தப் பயம். மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சு, உரஞ்சி, ரெண்டு கோட் அடிச்சனான், அம்மாவுக்கும் சொல்லேல்ல. அடிச்சுக்கொண்டு இருக்கேக்க நீ வந்து சாயப் பாத்தனி. காயேல்ல, சட்டை பழுதாப்போம் எண்டன். நீ தள்ளி நிண்டு, அப்பா, இதக் கொஞ்சம் பின்போடேலாதோ எண்டு கேட்டனி. காட் எல்லாம் குடுத்தாச்சு பிள்ளை, ஹோலுக்குக் காசு கட்டியாச்சு எண்டிட்டு நான் குனிஞ்சு திரும்ப அடிச்சனான். ஏன் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. காதில விழேல்ல எண்டு பொய் சொல்லமாட்டன், நல்லா விழுந்தது. நீ கொஞ்ச நேரம் நிண்டிட்டு உள்ள போனனி, நான் தூரிகையக் கழுவப் போனனான். அந்தக் கட்டி இப்ப என்ர மேசையில கிடக்கு, எறிய மனமில்ல.

தூணுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கேல்ல, மரம் காயட்டும் எண்டு விட்டிருக்கு. முன் அறையில இருந்த பெட்டியெல்லாம் மேல ஏத்திப்போட்டன், கட்டில் வெறுமைதான். மற்றது, ஃபிக்ஸட்டில போட்ட காசு வாற மாசம் முதிருது, டிக்கெட்டுக்கு நீ யோசிக்காத, என்ன எண்டு நான் கேக்கவும் மாட்டன், நீயாச் சொன்னாக் கேப்பன்.

அம்மா ஒம்பதுக்கே படுத்திடுவா. இஞ்ச ராத்திரி 10 எண்டா உங்க பகல் 12.30. அந்த நேரம் ஃபோனோட விறாந்தையிலதான் இருப்பன், ரயில் சத்தம் கேட்டா ஒரு நிமிசம் பொறு, வைச்சிடாத.

அப்பா

அட்ரஸ் மாறியிருந்தா புதுசப் போட்டுவிடு, அம்மா முறுக்குச் சுட்டு வச்சிருக்கிறா.