மரத்தடிச் சருகைக் கூட்ட வேண்டாம்: தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இடைவேளையில், நிலை 3 மாணவர்கள் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய மேப்பிள் மரத்தில் ஒரு வௌவாலைக் கண்டார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். கிளையை வெட்டச் சொன்னவர்களுக்கும், பூச்சிமருந்து ஆட்களை அழைக்கச் சொன்னவர்களுக்கும் ஒரே பதில்தான்: இரண்டையும் செய்யப் போவதில்லை.

அது சிவப்பு வௌவால். நாம் வாழும் அமெரிக்க மாநிலமான மிசூரியில் அரிதானதல்ல, எடை பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். கோயில் மண்டபங்களில் கூட்டமாகத் தொங்கும் வௌவால்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் போக்கு புதிது. வீட்டுப் பரணை நாடாது. மரத்திலேயே தனியாக வாழும். இலைக்காம்பை ஒற்றைக் காலால் பற்றித் தொங்கும். வால் சவ்வு முழுவதும் அடர்ந்த செம்மயிர். குளிரும்போது அதையே வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்திக்கொள்ளும். காற்றடித்தால் இலையோடு தானும் ஆடும். ஒரு மாணவி விரல் நீட்டிக் காட்டிய பிறகும் எனக்குப் பழுத்த இலைதான் தெரிந்தது. அவள் பொறுமையாக இரண்டாம் முறை காட்டினாள்.

பெரும்பாலான வௌவால்கள் ஓர் ஈற்றில் ஒரே குட்டி போடும். இதற்கு நான்கு முலைக்காம்புகள்; மூன்று, நான்கு குட்டிகள்கூடப் பிறக்கும். இலையுதிர்காலத்தில் இணைசேர்ந்து, விந்தணுவைக் குளிர்காலம் முழுவதும் உடலிலேயே சேமித்து வைத்து, வசந்தத்தில் கருவுற்று, கோடைத் தொடக்கத்தில் ஈனுகிறது.

குளிர்காலத்தில் பல தெற்கே போய்விடும். இங்கே தங்குபவை, குளிர் உறைநிலையை நெருங்கும்போது மரத்திலிருந்து இறங்கிச் சருகுக்கடியில் படுத்துக்கொள்ளும். ஆகவே, வழக்கமான இலை கூட்டும் நாள் இந்த ஆண்டு இல்லை. நடைபாதையை மட்டும் துப்புரவு செய்வோம். உங்கள் வீட்டிலும் மரத்தடிச் சருகை அப்படியே விட்டுவைத்தால் நல்லது. தீ மட்டும் வைக்காதீர்கள்.

குகை வௌவால்களை 2006 முதல் லட்சக்கணக்கில் கொன்ற, பூஞ்சையால் வரும் வெண்மூக்கு நோய் இவற்றை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இவற்றுக்கு எமன் காற்றாலை. வலசை போகும் கோடைக்கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் காற்றாலையின் சுழலும் இறக்கைகளில் அடிபட்டுச் சாகின்றன. இதன் உறவான நரை வௌவால்தான் அதிகம் மடிகிறது. இப்படியே போனால் அதன் எண்ணிக்கை 50 ஆண்டுகளில் 90 சதவீதம் வரை சரியக்கூடும் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. காற்று மெலிந்த இரவுகளில் காற்றாலையைச் சுழலவிடாமல் நிறுத்தினாலே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மின்சாரத்தில் இழப்பும் சொற்பமே. அப்படியிருந்தும் காற்றாலை நடத்துபவர்கள் தயங்குவது எனக்குப் புரியவில்லை. நிலை 7இன் பட்டிமன்றத் தலைப்பு இதுதான். பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தரையில் வௌவால் கிடந்தால் எந்தக் குழந்தையும் தொடக் கூடாது. ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ரேபிஸ் அபாயம் குறைவுதான், ஆனால் நோய் முற்றினால் பிழைப்பது அரிது. கடித்தாலோ வெறுங்கை பட்டாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். காயம் தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

இலை கூட்டப் பெயர் கொடுத்திருந்தவர்கள் அதே நேரத்தில் ஆண்டுவிழா மேடைக்கு நாற்காலி அடுக்க வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்