12 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்குத் தலைவர் தெரிவு: பெற்றோருக்கான கடிதம்

அன்பார்ந்த பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணையில் எங்கள் 12 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி அயற் பாடசாலைகளுடன் சிநேகபூர்வ ஆட்டங்களில் விளையாடும். எழுவர் ஆட்டம், பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளுமாக அணியில் 12 பேர். யார் கப்டன் என்று பிள்ளைகளைவிடப் பெற்றோரே கூடுதலாகக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

நிரந்தரத் தலைவர் எவரும் இல்லை. கிழமைக்கு ஒருவராக 12 பேரும் தலைமை ஏற்பார்கள். வரிசை சீட்டுக் குலுக்கி எடுக்கப்படும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கிழமை உபதலைவராக நின்று பார்த்துவிட்டு, மறு கிழமை தலைவருக்குரிய கைப்பட்டியைக் கட்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு கிழமை பெரிய உதவி. வெளி ஆட்டம் இல்லாத கிழமையில் அணியை இரண்டாகப் பிரித்து எங்களுக்குள்ளேயே ஆட்டம் வைப்போம். அதிலும் நாணயம் சுண்டப்படும்.

கோல் அடிக்கும் பிள்ளையிடமே கொடுத்துவிடலாமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வயதில் கெட்டித்தனமாகத் தெரிவதில் பாதி வளர்த்தி. ஒரே வயதுப் பிரிவில் தை மாதம் பிறந்தவருக்கும் மார்கழியில் பிறந்தவருக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். பத்து வயதில் அது உயரத்திலும் ஓட்டத்திலும் குரலிலும் தெரியும். சில வருடங்களில் மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிடுவார்கள். அதற்குள் ஒருவர் அதட்டவும் மற்றவர்கள் பேசாமல் நிற்கவும் பழகிவிடுவார்கள். பந்தைத் தரச்சொல்லிக் கூப்பிடவே கப்டனின் முகத்தைப் பார்க்கும் பிள்ளையைப் பிறகு மாற்றுவது கடினம். வாக்கெடுப்பும் சரிவராது, பிள்ளைகள் கூட்டாளிக்கோ, தாங்கள் பயப்படுகிற ஆளுக்கோதான் போடுவார்கள்.

தலைவரின் வேலைகள் இவ்வளவுதான்: பந்தையும் தண்ணீர்க் கலனையும் பார்த்துக்கொள்வது, நாணயச் சுழற்சிக்குப் போவது, மத்தியஸ்தரிடம் ஏதும் கேட்கவேண்டுமானால் கேட்பது, முடிவில் எதிரணிக்குக் கைகொடுக்க எல்லோரையும் கூட்டிவருவது. யார் விளையாடுவது, யார் எங்கே நிற்பது என்பது விளையாட்டு ஆசிரியரின் பொறுப்பு. விதிப்புத்தகத்தின்படியும் தலைவருக்குத் தனிச்சலுகை கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டுமே. பந்து 4ஆம் இலக்கம், 350 முதல் 390 கிராம் நிறை. பம்பி ஊசியை நனைத்த பிறகே செருகவேண்டும். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். போன தவணை வீணான பந்துகளில் அநேகம் அப்படிப் போனவைதான்.

நாணயச் சுழற்சிக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை. 2019 முதல் சுழற்சியில் வெல்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்: முற்பாதியில் எந்தக் கோலை நோக்கித் தாக்குவது, அல்லது ஆரம்ப உதை. பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவார்கள். தாங்கள் நிற்கப்போகும் பக்கத்தையா, தாக்கப்போகும் பக்கத்தையா காட்டினார்கள் என்பது மத்தியஸ்தருக்கு விளங்காது. "அந்தக் கோலுக்கு அடிப்போம்" என்று வாயால் சொல்லப் பழக்குகிறோம்.

எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, ஆட்டம் பின்னேரம் நான்கு மணிக்கு. கிழக்குக் கோலில் நிற்கும் காப்பாளருக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும்; பிற்பாதியில் சூரியன் இறங்க இன்னும் மோசம். ஆகவே காற்று இல்லாத நாளில் முற்பாதியில் மேற்குக் கோலை நோக்கி அடிப்பது நல்லது. இடைவேளைக்குப் பிறகு எங்கள் காப்பாளர் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கலாம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசும் நாளில் கணக்கு மாறும். இந்தச் சின்னப் பந்தை எதிர்க்காற்றில் உதைத்தால் பாதி மைதானம்கூடப் போகாது, புழுதியும் முகத்தில் அடிக்கும். பொழுது சாயக் காற்றுத் தணிவதும் உண்டு என்பதால், அது பலமாக இருக்கும்போதே அதனோடு சேர்ந்து கிழக்கே அடிக்கலாம். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டுத் தலைவரே முடிவெடுப்பார். பிழையாக எடுத்தாலும் ஆசிரியர் திருத்தமாட்டார். நீங்களும் எல்லைக்கோட்டில் நின்று சத்தம்போடவேண்டாம்.

மத்தியஸ்தரோடு தலைவர் மட்டும் கதைக்கலாம். 2024 ஐரோப்பியக் கிண்ணத்திலும் இந்த நடைமுறைதான் இருந்தது. தலைவர் கோல் காப்பாளராக இருந்தால் அவர் அவ்வளவு தூரம் ஓடிவரமுடியாது. அன்றைக்கு உபதலைவர் கதைப்பார். தலைவரை வெளியே எடுத்தால் கைப்பட்டியும் உபதலைவருக்குப் போகும்.

கடையில் விற்கும் கைப்பட்டி பெரியவர்களின் அளவு. பத்து வயதுக் கையில் அது முழங்கைக்கு வழுகிவிடும், பிள்ளை ஆட்டம் முழுக்க அதை இழுத்துக்கொண்டே ஓடும். ஊசி குத்துவதும் கயிற்றால் இறுக்குவதும் ஆபத்து. ஐந்து சென்ரிமீற்றர் அகல இலாஸ்டிக்கில், இரு நுனியிலும் ஒட்டுப்பட்டி தைத்து இரண்டு கைப்பட்டிகள் பாடசாலையில் வைத்திருக்கிறோம். வீட்டிலிருந்து வாங்கி அனுப்பவேண்டாம்.

வலயமட்டப் போட்டி வந்தால் ஒரே தலைவர் வேண்டும். அப்போது எல்லோருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, "நீ பந்தைத் தவறவிட்டபோது உன்னோடு ஆறுதலாகக் கதைத்தது யார்?" என்று கேட்போம். அந்தப் பதில்களையும் விளையாட்டு ஆசிரியரின் குறிப்பையும் வைத்து முடிவெடுப்போம். இதற்காக என்னைத் தனியே சந்திக்க வரவேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவரும் உபதலைவரும் ஆட்டம் முடிந்து பந்து, கூம்புகளை எண்ணி வைக்க 15 நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். கடைசி பஸ்ஸில் போகும் பிள்ளைகளும், இருட்டினால் யானை இறங்கும் வீதிகளில் போகவேண்டிய பிள்ளைகளும் இதற்காக நிற்கத் தேவையில்லை. அந்த வேலையை அருகில் வசிக்கும் ஒருவர் செய்வார், தலைமை முறை மாறாது. உங்கள் பிள்ளை அப்படியானவர் என்றால், கீழேயுள்ள துண்டில் பஸ் நேரத்தையும் கூட்டிச்செல்ல வருபவரின் பெயரையும் எழுதி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
அதிபர்