வேருக்குக் கீழ்ப்பக்கம் எது என்று எப்படித் தெரியும்?

வூர்ஸ்பர்க், ஜெர்மனி
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஆயாவுக்கு முட்டிவலி தேவலையா? அங்கே கத்திரி வெயில் காயும். இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. மைன் ஆறு கரை தொட்டு ஓடுகிறது. பாலத்தில் நிற்கும்போதெல்லாம் நம் பாலாற்று மணல்தான் நினைவுக்கு வருகிறது.

"விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழதான் போகும், இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்று போனில் கேட்டீர்களே. லைன் கட்டாகிவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நம் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் ஃபியூஸ், கண்டன்சர், ஃபுட்வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். எது எதற்கு என்று நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். இங்கேயும் அதே வேலை. ஏதோ ஒரு மரபணு மட்டும் கெட்டுப்போன செடிகளை வளர்த்து, எந்த வேலை நிற்கிறது என்று பார்க்கிறோம்.

செடியின் பெயர் அராபிடாப்சிஸ், கடுகு இனம். ட்ராம் நிறுத்தத்தில் கல் இடுக்கில்கூடத் தானாக முளைத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டிலிருந்து ரம்ஜானுக்கு வருமே கடல்பாசி, அதே பொருளைச் சதுரத் தட்டில் ஊற்றி, விதையை வரிசையாக வைத்து, தட்டை நிமிர்த்தி நிறுத்துவோம். வேர் நேராக இறங்கியதும் தட்டைக் கால்வாசி திருப்பினால் சில மணி நேரத்தில் வேர் நுனி புதிய கீழ்ப்பக்கத்துக்கு வளைந்துவிடும்.

நுனியில் உள்ள சில செல்களில் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. திருப்பியதும் அவை கீழே சரிகின்றன. உடனே ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் அடிப்பக்கம் சேர்ந்து, அந்தப் பக்கம் வளர்வதைக் குறைக்கிறது. மேல்பக்கம் நீள்வதால் வேர் வளைகிறது.

மாவுச்சத்தே செய்யத் தெரியாத ஒரு வகையை 1985இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அயோடின் சொட்டு விட்டால் சாதாரண வேரின் நுனியில் குழந்தைக்கு வைத்த மைப்பொட்டு மாதிரி கறுக்கும். இதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்பா, அந்த வேரும் வளைகிறது! நிதானமாக, தயங்கித் தயங்கி. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்னொரு வகையில் மாவுச்சத்து நன்றாகவே இருக்கிறது, ஆக்சினைக் கடத்தும் புரதம் மட்டும் இல்லை. அந்த வேர் திசை தெரியாமல் சுருண்டு அலைகிறது.

நடுவில் தட்டில் மேல்பக்கத்தைக் குறிக்க மறந்து மூன்று வார வேலை போயிற்று. அன்று அழுதுவிட்டேன். இப்போது முதலில் குறி, அப்புறம்தான் விதை.

நம் மல்லாட்டையை (வேர்க்கடலை) நினைத்துப் பாருங்கள். பூ வாடியதும் விழுது இறங்குகிறதே, அது வேரே இல்லை. ஆனாலும் மண்ணைத் தேடிப் போகிறது. ஆடியில் விதைக்கும்போது எனக்காக ஒரு விதையைத் தொட்டியில் போடுங்கள். விழுது தலைகாட்டியதும் தொட்டியைப் படுக்க வைத்து, தினமும் ஒரு படம் எடுத்துத் தங்கச்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று தொட்டியில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

உங்கள் மகள்